வஞ்சினமும் வெஞ்சனமும்

1

திண்டுக்கல்காரர்களுக்கு ஆயக்குடி என்றால் கொய்யாப்பழம். நான் இருக்கும் இந்த ஜெர்மன் நகரத்தில் என் மகளுக்கும் அவளுடைய சேக்காளிகளுக்கும் ஆயக்குடி என்றால் துரோகம். சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொள்கிறவனைப் பார்த்து, "அவன் ஆயக்குடிக்குப் போய்விட்டான்" என்கிறார்கள். அதையும் ஒழுங்காகச் சொல்வதில்லை. 'ஆயாகூடி' என்கிறார்கள், ஏதோ ஆயாக்கள் கூடிப் பேசுகிற இடம் மாதிரி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இதெல்லாம் என் வீட்டுக்குள் வந்தது. டிராம் வண்டிகளைக் கழுவுகிற பணிமனையில் எனக்கு வேலை, சனிக்கிழமை விடுமுறை. மனைவி ஸ்டெல்லா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வரும்போது நான் கிளம்புவேன், நான் வரும்போது அவள் கிளம்புவாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கும் சீட்டுகளில்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது. மகள் ஆக்னஸுக்குப் பத்தொன்பது வயது. படிப்புக்காக அடுத்த மாதம் பெர்லினுக்குப் போகிறாள். அன்று லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, இது உங்க ஊரு. பாருங்க."

உங்க ஊரு. 'நம்ம ஊரு' என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. குறை சொல்லவும் முடியாது, அவள் பிறந்தது இங்கே.

ஓர் ஆவணப்படம். திரையில் அமல்ராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். என் பழைய கூட்டாளி, செத்து இரண்டு வருஷம் ஆன அமலு. மகளோ, தான் கண்டுபிடித்த ஓர் அபூர்வ மனிதனை எனக்கு அறிமுகம் செய்து வைக்கிற சந்தோஷத்தில் இருந்தாள்.

"இவர் பெரிய பங்க் பாடகர் அப்பா. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் மூன்று வாரம் தண்டனை அனுபவித்தேன்.

2

பங்க் ராக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மூன்றே மூன்று சுரக்கோவைகளை வைத்துக்கொண்டு, தொண்டை கிழிய, உலகத்தின் மேல் உள்ள ஆத்திரத்தையெல்லாம் இரண்டு நிமிஷத்தில் பாடி முடிப்பது. அமலுக்கு அதில் பைத்தியம். "எம் மகன் பங்க்ல இருக்கான்" என்று அவன் அம்மா ஒருமுறை கோயில் வாசலில் சொல்லிவிட்டார். அதன் பிறகு, "எந்த பங்க்ல? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கே, அந்த பெட்ரோல் பங்க்லயா? நம்ம பையனுக்கும் அங்க சொல்லிவிடுங்க" என்று நாலு பேர் வந்து நின்றார்கள்.

எங்கள் குழுவுக்குப் பெயர் 'ஓட்டைத் தகரம்'. மூன்றே பேர். அமலு பாட்டும் கிட்டாரும். சிக்கந்தர் பேஸ் கிட்டார். டிரம்ஸ் அடித்தது ஒருவன். படத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது. ஒரே ஒரு பழைய புகைப்படம் காட்டுகிறார்கள், அதிலும் சிம்பல் தட்டு அவன் முகத்தை மறைக்கிறது. சிக்கந்தர் கேமராவைப் பார்த்துச் சொல்கிறான்: "முதல் டிரம்மர் பேரச் சொல்ல மாட்டேன். அஞ்சு நாள்ல காலேஜ்ல புரோகிராம். ஆயக்குடிக்குப் போயிட்டு வாரேன், வரும்போது கொய்யாப்பழம் வாங்கியாரேன்னு சொல்லிட்டுப் போனான். இருபத்திமூணு வருஷமா ஆயக்குடியிலயேதான் இருக்கான்."

அந்த டிரம்மர் நான்தான். பெயர் செபஸ்தி.

படம் முடிந்தபோது ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டிரம்மரை எங்கயாவது பார்த்தா மூஞ்சியில துப்புவேன்" என்றாள், ஜெர்மன் மொழியில். எங்கள் சோபாவில், எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தலையணை அளவு இடம்தான் இருந்தது. டீ போடப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அன்றிலிருந்து டிராமில் போகும்போதும் வரும்போதும், வேலைக்கு நடுவிலும் அந்தப் படத்துக்கு ரசிகர்கள் எழுதியதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். புண்ணைச் சொறிகிற சுகம். சென்னையில் ஒரு மாணவி படத்தை ஒன்பது முறை பார்த்திருக்கிறாள். போர்ச்சுகலில் ஒருவர், மொழி புரியாமலேயே அழுததாக எழுதுகிறார். ரசிகர்கள் திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து அமலுவின் கல்லறையில் கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். 'நண்பன் கொண்டுவராததை நாங்கள் கொண்டுவந்தோம்' என்று படம் எடுத்தும் போடுகிறார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'அந்த டிரம்மர் இப்போது ஏதாவது ஒரு ஏசி அறையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.' அதைப் படிக்கும்போது நான் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சோப்பு நுரையில் நின்றுகொண்டிருந்தேன்.

3

திண்டுக்கல் பேகம்பூரில் சிக்கந்தரின் வாப்பாவுக்குத் தோல் கிடங்கு இருந்தது. நாங்கள் வாசித்துப் பழகியது அதன் பின்கட்டில். அந்த நாற்றத்துக்கு யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள் என்பதால் எங்கள் சத்தத்துக்கும் யாரும் சண்டைக்கு வரவில்லை. நான் கோயில் திருவிழாவில் பேண்டு வாத்தியம் அடித்துக்கொண்டிருந்தவன். பெரிய டிரம்மையும் ஒரு சிம்பல் தட்டையும் அங்கிருந்து இரவல் வாங்கி, மீதிக்கு எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டுச் சமாளித்தேன். குழுவுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

மத்தியானச் சாப்பாடு அங்கேயேதான். அமலு வீட்டில் அடிக்கடி வெறும் சோறும் ரசமும்தான். அவன் அம்மாவால் அவ்வளவுதான் கட்டிக் கொடுக்க முடியும். என் அம்மா பள்ளிக்கூட டீச்சர். விடிவதற்கு முன்பே எழுந்து கூட்டு, பொரியல், கருவாட்டுக் குழம்பு என்று கேரியரில் இரண்டு அடுக்கு வைத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறதெல்லாம் வெஞ்சனம்தான். அமலு தன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துவான்: "ஏலே, சோறு இருக்கு. வெஞ்சனம் எங்கடா?" நான் சைக்கிளில் போய் இறங்குவேன். நாளடைவில் அவன் என்னையே வெஞ்சனம் என்று கூப்பிட ஆரம்பித்தான். செபஸ்தி என்று அவன் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. இந்தப் பட்டப்பெயர் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் அக்கா வீட்டுக்காரர் இங்கே ஜெர்மனியில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலைக்கு ஏற்பாடு செய்தார். விசா வந்தது. ஒரு வாரத்துக்குள் கிளம்ப வேண்டும். கல்லூரியில் எங்கள் முதல் பெரிய நிகழ்ச்சி. அமலு ஊரெல்லாம் கையால் எழுதிய போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். என்னால் அவனிடம் சொல்ல முடியவில்லை.

"ஆயக்குடில சித்தப்பா மகளுக்கு நிச்சயம்டா. ரெண்டு நாள்ல வந்துருவேன்."

"போயிட்டு வா. வரும்போது கொய்யாப்பழம் வாங்கியா. செங்காயாப் பாத்து வாங்கு, கனிஞ்சத வாங்கிட்டு வந்துராத."

சரி என்றேன். அவனிடம் நான் கடைசியாகப் பேசிய வார்த்தை அந்தச் சரிதான்.

4

வந்த புதிதில் அயல்நாட்டவர் அலுவலகத்தில் ஓர் அம்மாள் கேட்டார், குடும்பத்தோடு வந்திருக்கிறீர்களா, தனியாகவா என்று. தனியாக என்பதற்கு இவர்கள் மொழியில் 'அலைன்'. நான் மனப்பாடம் செய்ததைக் குழப்பிக்கொண்டு 'ஐன்சாம்' என்று சொல்லிவிட்டேன். அதற்கு அர்த்தம், தனிமையில் தவிக்கிறேன் என்பது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றார், கொஞ்சம் வருத்தத்தோடுதான். இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அன்று தப்பாகச் சொன்னேன் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அமலுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். முதல் மாதம் எழுத வெட்கமாக இருந்தது. ஒரு வருஷம் கழித்து, ஒரு வருஷம் எழுதாமல் இருந்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. ஊருக்கு மூன்று முறை போனேன். பேகம்பூர் வழியாகப் போகாமல் சுற்றுப்பாதையில் ஆட்டோ பிடித்தேன். ஒருமுறை தாடிக்கொம்பில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், மேடையில் சினிமாப் பாட்டுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன் அமலு. வயிற்றுப் பாட்டுக்கு அதுதான் செய்துகொண்டிருந்தான். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பந்தியில் எழுந்து வந்துவிட்டேன். பந்தியில் பாதியில் எழுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான் என்று அக்கா சொன்னபோது வேலையிடத்தில் விடுப்பு கேட்டேன். துக்க விடுப்புப் படிவத்தில் தாய், தந்தை, துணை, பிள்ளை, உடன்பிறந்தவர் என்று வரிசையாகப் போட்டிருந்தது. நண்பன் இல்லை. மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். "உடன்பிறந்தவர் என்று எழுது, யார் கேட்கப்போகிறார்கள்" என்றார். பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. அவனிடம் பொய் சொல்லத் தெரிந்த எனக்கு அவனுக்காக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. அன்று பதினாறு வண்டி கழுவினேன்.

5

இப்போது ஒரு பாட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தின் கடைசியில் அமலு தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டு பாடுகிறான். நான் போன பிறகு எழுதியது என்று சிக்கந்தர் சொல்கிறான். பழைய வீடியோ டேப்பில் பதிந்தது, பாதி கரகரப்பு.

சோறு இருக்கு, தட்டு இருக்கு,
உப்பு இருக்கு, பசி இருக்கு,
ஏலே ஏலே வெஞ்சனம்,
எங்கிட்டுடா போன?

கீழே ஆங்கிலத்தில் அர்த்தம் ஓடுகிறது: 'பழியே, பழியே, எங்கே போனாய்?'

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ரசிகர்கள் எழுதியதைப் படித்தேன். தமிழ் படித்த ஒருவர், இது 'வஞ்சினம்' என்ற பழந்தமிழ்ச் சொல் என்றும், போருக்குப் போகும் வீரன் உரைக்கும் சூளுரை என்றும் ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தார். சோறும் தட்டும் உப்பும் பசியும் இருக்கிற ஏழையிடம் இல்லாத ஒன்று பழி உணர்ச்சி, அதைத்தான் கலைஞன் கூவி அழைக்கிறான் என்று இன்னொருவர். 'துரோகி டிரம்மருக்கு எதிரான வஞ்சினம்' என்பது பெரும்பாலோரின் தீர்ப்பு. அந்தப் பாட்டில் டிரம்ஸ் சத்தமே இல்லை, மௌனமே தாளமாகிவிட்டது என்று ஒருவர் உருகியிருந்தார். அடிக்க ஆள் இல்லை ஐயா, வேறொன்றும் இல்லை. நம் ஊர்க்காரர் யாரோ ஒருவர் மட்டும், 'எங்க ஊர்ல இதுக்குத் தொட்டுக்கிறதுன்னு அர்த்தம்' என்று எழுதியிருந்தார். அவரை ஓட ஓட விரட்டியிருந்தார்கள்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நாலாவது நாள் டிராமில் உட்கார்ந்து, பெயர் போடாமல், தமிழில் எழுதினேன்: 'அது வஞ்சினம் அல்ல, வெஞ்சனம். திண்டுக்கல் பக்கம் கூட்டு, பொரியல், குழம்பைச் சொல்வது. அமலு தன் நண்பனை அப்படித்தான் கூப்பிடுவான். அவன் யார் மேலும் பழி பாடவில்லை.'

சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் என்னை வறுத்தெடுத்துவிட்டார்கள். ஒரு மாபெரும் கலைஞனைப் பொரியலுக்குப் பாட்டு எழுதியவனாக்கும் கயவன். உனக்கு எப்படித் தெரியும், நீ அங்கே இருந்தாயா? ஆயக்குடியிலிருந்து எழுதுகிறாயா?

ராத்திரிச் சாப்பாட்டில் ஆக்னஸும் அதையே ஆரம்பித்தாள். "அப்பா, ஒரு முட்டாள் கிழவன் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? அது பழி இல்லையாம். காய்கறியாம்."

"வெஞ்சனம்னா அதுதான்மா அர்த்தம்."

"நீங்க வீட்டுல அந்த வார்த்தைய சொன்னதே இல்லையே."

உண்மைதான். ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரி. பேச்சு ஒத்துப்போவதற்காக நான் எத்தனையோ சொற்களை விட்டுவிட்டேன், அதில் இதுவும் ஒன்று. இதை மட்டும் வேண்டுமென்றேதான் விட்டேன். இருபத்திமூன்று வருஷமாக என் வாயிலிருந்து வராத சொல்லை என் மகள் எப்படி நம்புவாள்? சொல்லிவிடலாம் என்று அப்போது நெஞ்சு வரை வந்தது. ஆனால் பெர்லினுக்குப் போவதற்குள் அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடப்போவது இன்னும் கொஞ்ச நாள்தான். அதையும் கெடுத்துக்கொள்ளத் துணிச்சல் இல்லை.

6

சிக்கந்தர் இப்போது பெல்ட்டும் பையும் தைத்து விற்கிற கடை வைத்திருக்கிறான். படத்தில் கடைப் பலகை ஒரு நொடி தெரிகிறது. நிறுத்தி, நம்பரைக் குறித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, இங்கே மதியம் அங்கே சாயங்காலமாக இருக்கும்போது கூப்பிட்டேன். பணிமனை இரைச்சலில் என் காது மந்தமாகிவிட்டது, போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"யாருங்க?"

"சிக்கந்தர், நான் செபஸ்தி பேசுறேன்."

தையல் மிஷின் சத்தம் நின்றது.

"ஏலே, இம்புட்டு நாளா கொய்யாப்பழம் கிடைக்கலையாடா?"

நேராக விஷயத்துக்குப் போனேன். "படம் பாத்தேன். அந்தப் பாட்டுக்கு அர்த்தம் தப்பாப் போட்டிருக்காங்கடா. அமலு என்னையப் பத்தி அப்படிப் பாடல. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்."

"என்னது?"

"படம் எடுக்க வந்த பொண்ணு டெல்லிக்காரி. தமிழ் தெரியாது. வெஞ்சனம்னா என்னான்னு கேட்டுச்சு. பழி வாங்குறதுன்னு சொன்னேன். எழுதிக்கிருச்சு."

"ஏண்டா அப்படிச் சொன்ன?"

அவன் குரல் ஏறியது. "பின்ன என்ன சொல்லச் சொல்ற? அமலு உன்னைய ஒரு நாளுகூடத் திட்டுனதில்ல, அது தெரியுமா உனக்கு? அதுதான்டா எனக்கு ஆத்திரம். எத்தன டிரம்மரக் கூட்டியாந்தேன். வெஞ்சனம் வந்துருவான்டா, அவன் வரட்டும்னே சொல்லிக்கிட்டு இருந்தான். மவுத்தாகுற வரைக்கும், கடைசி மூச்சு வரைக்கும் அதையேதான் சொன்னான். அந்த மனுசனுக்குக் கோவப்படத் தெரியல. அவனுக்குஞ் சேத்து நான் கோவப்பட்டேன். அம்புட்டுத்தான்."

இத்தனை நாளும் அமலு என்னைச் சபித்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதியும் இருந்திருக்கிறது. தப்பு செய்தேன், திட்டு வாங்கினேன், கணக்கு நேராகிவிட்டது என்று இருந்துவிடலாம் அல்லவா? என் இடத்தை அவன் காலியாகவே வைத்திருந்தான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"இருக்கியா?" என்றான் சிக்கந்தர். இப்போது குரல் தணிந்திருந்தது. "மாத்தணும்னா மாத்தச் சொல்லுறேன். ஒரு போன் போட்டாப் போதும்."

"வேணாம். இருக்கட்டும்."

"ஏன்?"

"அமலு சொன்னது அவன் பாட்டுல இருக்கு. கீழ இருக்கிறது நீ எனக்குச் சொன்னது. ரெண்டும் எனக்கு வந்து சேந்துருச்சு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "தொழுகைக்கு நேரமாச்சு, வைக்கிறேன். இந்த நம்பர என்ன பேருல போட்டு வைக்கிறது?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

7

திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் ஆக்னஸ் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பேச்சில் அவளுக்குப் பாதி புரிந்திருக்கும். ஆனால் சிக்கந்தரின் குரல் அவளுக்கு மனப்பாடம்.

"அது சிக்கந்தர்" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்கதான் டிரம்மர்."

"ஆமா."

"அந்த முட்டாள் கிழவனும்."

"அதுவும் நான்தான்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். சோபாவின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள், "சொல்லிட்டுப் போயிருக்கலாமே அப்பா. அவர் தடுத்திருப்பாரா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் மட்டும் எப்போதும் எனக்குத் தெரிந்திருக்கிறது.

"தடுக்க மாட்டான்மா. எம் பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்திருப்பான். நல்லா இருடான்னு சொல்லி சன்னல் சீட்டுப் பிடிச்சுக் குடுத்திருப்பான். அதுக்குப் பயந்துதான் சொல்லல. அவன் கீழ நிக்கிறதப் பாத்துட்டு என்னால பஸ்ஸுல உக்காந்திருக்க முடியாது. இறங்கியிருப்பேன்."

அவள் அதைத் தனக்குள் மொழிபெயர்த்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்க இறங்கியிருந்தா, அப்போ நான் இல்ல" என்றாள்.

தமிழில்தான் சொன்னாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.